சிரித்த பிறகுதான் கட்

என் அத்தை ஒரே ஒரு படத்தில்தான் நடித்தார். அதிலும் பிணமாக.

வசனம் கிடையாது. ஆடாமல் அசையாமல் ஈரமணலில் கிடப்பதுதான் வேஷம். ஆனால் அதைப் பற்றி அவர் பேசும் பேச்சைக் கேட்டால் கதாநாயகியே அவர்தானோ என்று தோன்றிவிடும். தி. நகரில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவர். ஐந்து புடவையைப் பிரித்துப் போட்ட கையோடு, "நான் சினிமால நடிச்சவ, தெர்யுமா?" என்று ஆரம்பிப்பாராம். எந்தப் படம், என்ன வேஷம் என்று யாராவது தோண்டினால் உடனே ஆறாவது புடவையைப் பிரிப்பார்.

படம் கறுப்பு வெள்ளை. நடுக்கடலில் யாரும் போகாத ஒரு தீவு. புயலில் சிக்கிய ஐந்து பேர் அங்கே ஒதுங்குகிறார்கள். பொழுது சாயும்போதெல்லாம் முழுகிச் செத்த ஒரு பெண்ணின் உடல் கரை ஒதுங்குகிறது. விடிந்தால் உடலைக் காணோம், கூடவே ஐந்து பேரில் ஒருவர் குறைந்திருப்பார். இவ்வளவுதான் கதை. கேட்கக் கொஞ்சம் திகிலாக இருக்கும், பார்த்தால் இருக்காது. அந்தத் தீவு அடையாறு கடலில் சேருகிற இடத்தில், உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மணல்திட்டு. கலங்கரை விளக்கம் அட்டையில் செய்தது, காற்றில் லேசாக ஆடும். இரவுக் காட்சிகளை லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி போட்டுப் பட்டப்பகலில் எடுத்தார்கள். வானம் கறுத்துவிடும், ஆனால் எல்லோருடைய நிழலும் உச்சிவெயில் நிழலாகக் காலடியில் சுருண்டு கிடக்கும். நூறு மைலுக்கு மனித வாசனையே இல்லை என்று கதாநாயகன் சொல்லும் காட்சியில், அவர் தோளுக்குப் பின்னால் ஒருவர் நிதானமாக வலை வீசிக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டில் அந்தப் படத்தை வைத்துச் செய்யாத கிண்டல் இல்லை. அத்தையும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காத ஒரே ஆள் அப்பா.

அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். அவர் அந்தப் படத்தின் உதவி கேமராமேன். ஃபிலிம் மாட்டுவது, லென்ஸ் துடைப்பது, சொன்னால் சுவிட்சைப் போடுவது, சொன்னால் அணைப்பது அவர் வேலை. பிணமாக நடிக்க வேண்டிய துணை நடிகை அன்று காலையில் வரவில்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்குப் போய், துணி துவைத்துக்கொண்டிருந்த தங்கையை அப்படியே பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்துவிட்டார். அத்தைக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. படம் சைதாப்பேட்டையில் ஒரு வாரம் ஓடியதாம். குடும்பமே போய்ப் பார்த்தது, அப்பா போகவில்லை. பிற்பாடு ஒரு மத்தியானம் டிவியில் போட்டபோது, அத்தை கரை ஒதுங்கும் காட்சி வருவதற்கு முன்னாலேயே அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். அன்று குழாயில் தண்ணீரே வரவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பிணமாக நடித்தால், காட்சி முடிந்ததும் கேமராவை நிறுத்தக் கூடாது. பிணம் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்த பிறகுதான் கட். சிரிக்காமல் எழுந்து போனால் அந்தச் சாவு அந்த ஆளின் மேலேயே நின்றுவிடும் என்பார்கள். அந்தத் துண்டு படத்தில் வராது, யாரும் பார்க்கவும் மாட்டார்கள். ஆனாலும் எவ்வளவு பெரிய நடிகரானாலும் சிரிக்காமல் போக மாட்டார். எனக்குப் பேய், பிசாசு, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், யாராவது விளையாட்டுக்குச் செத்தது போலப் படுத்தால் 'முதல்ல எழுந்து சிரி' என்று கத்துவேன். பழக்கம்.

அத்தையின் கதை எப்போதும் அந்தச் சிரிப்பில்தான் முடியும். "மூஞ்சி பூரா மண்ணு, வாயிலயும் மண்ணு. அப்டியே காமிராவப் பாத்து இன்னா சிரிப்பு சிரிச்சேன் தெர்யுமா!" அவருடைய முன்பல் ஒன்று சின்ன வயதிலேயே பாதி உடைந்துபோனது. அதைக் காட்டித்தான் சிரித்தேன் என்பார்.

இந்த வருஷம் கோடை ஆரம்பத்தில் இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் நடந்தன.

நான் ஈக்காட்டுத்தாங்கலில் பழைய ஃபிலிம்களைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் சின்ன கம்பெனியில் இருக்கிறேன். பக்கத்தில் முழுக்க லேத் பட்டறைகள். நாள் முழுக்க இரும்பு கீச்சிடும் சத்தம், உள்ளே அழுகும் ஃபிலிமின் வினிகர் நாற்றம். அந்த வாரம் வந்த டப்பாக்களில் துருப்பிடித்த ஏழு டப்பாக்கள் அத்தையின் படம். தயாரிப்பாளரின் பேரன் யாரோ, இணையத்தில் ஏற்றலாம் என்று அனுப்பியிருந்தார். ஏழாவது டப்பாவின் மேல் 'சேராத துண்டுகள்' என்று எழுதியிருந்தது. அத்தையின் சிரிப்பு இதில்தான் இருக்கும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாவது, அத்தையின் இதயத்தில் மூன்று அடைப்பு என்று டாக்டர் சொன்னார். மார்பைத் திறக்க வேண்டும். இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துத்தான் வேலை செய்வார்கள் என்று அவர் விளக்கமாகச் சொன்னபோது, அத்தை தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்திடுவாங்களாம்டி கண்ணு. அப்ப நான் பொணம்தானே?"

"அத்தை, தெனம் நூறு பேருக்குப் பண்றாங்க."

"பண்ணட்டும். எனுக்கு அந்தச் சிரிப்பு வேணும். ஒங்கிட்டதானே டப்பா வந்துகீது? தேடி எடுத்து ஃபோன்ல போட்டுக் குடு. ஒரு வாட்டி எழுந்து வந்தவ நானு. அதப் பாத்துட்டுப் போய் படுத்துக்கறேன். பாக்காம படுக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. தள்ளிப்போடக் கூடாது, எந்த நேரமும் எதுவும் ஆகலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அதத் தேடாத" என்றார்.

"ஏன் நைனா?"

"அயுகிப் போயிருக்கும். தேடாத, அவ்ளோதான்." தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்குக் கோபம் வந்தது. தங்கை சாகக் கிடக்கிறாள், இவருக்கு என்ன வீம்பு என்று வாய்விட்டே கேட்டேன். அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏழாவது டப்பாவைத் திறந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. எழுபத்திரண்டு வயது மனிதர், வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜை மேல் இருந்த ஃபிலிம் சுருளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதுல சிரிப்பு கெடையாது. நான்தான் காமிராவ நிறுத்திட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"கடசி ஃபிலிம் ரோலு. அதுல நாப்பதடி கீதோ இல்லியோ. அர நிமிசம்கூட வராது. கிளைமாக்ஸ் ஷாட் ஒண்ணு பாக்கி. தண்ணி ஏறிக்கினே வருது, இன்னும் கொஞ்ச நேரத்துல திட்டு முழுகிடும். வேற ரோலு இல்ல. கேமராமேன், 'அந்தச் சிரிப்ப எடுத்துட்டு கட் பண்ணிரு'ன்னு சொல்லிட்டு குடை நெயலுக்குப் போய்ட்டாரு. நான் ஒர்த்தன்தான் நிக்கறேன். இவ எழுந்திரிக்கப் போறா. அத எடுத்தா கிளைமாக்ஸுக்குப் பத்தாதுன்னு கை தானா போய் சுவிட்ச அமுக்கிடுச்சி."

"அத்தைக்குத் தெரியலையா?"

"அல சத்தத்துல அவளுக்கு எங்க கேக்கும்? எழுந்து ஒக்காந்து, என்னப் பாத்து அப்டி சிரிச்சா. நான் கைய தூக்கி ஓகேன்னு காட்டினேன்."

லேத் பட்டறையில் சத்தம் நின்று மறுபடி ஆரம்பித்தது. அப்பா தொடர்ந்து பேசினார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அத்தையின் புருஷன் லாரியில் அடிபட்டுப் போனது, வயிற்றில் இருந்தது தங்காமல் போனது, குடிசை எரிந்தது, இப்போது இந்த அடைப்பு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்று நடந்தபோதும் அந்தச் சுவிட்சுதான் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. நாற்பத்தைந்து வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூடச் சொல்லாமலே அம்மாவையும் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டார்.

"அந்தக் கிளைமாக்ஸ் ஷாட் என்ன ஆச்சு நைனா?"

"எடிட்டிங்ல தூக்கிட்டாங்க" என்றார்.

துண்டு கிடைத்தது. இரண்டு பேரும் சேர்ந்தேதான் திரையில் பார்த்தோம். மணலில் அத்தை கிடக்கிறார். தலைமுடியிலும் தோளிலும் ஆகாயத்தாமரை. நடுக்கடல் தீவில் ஆகாயத்தாமரை எப்படி வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஒரு நண்டு வந்து அவர் கையின் மேல் ஏறி, விரல்களைக் கடந்து போகிறது. கை அசையவே இல்லை. அப்புறம் படம் சட்டென்று வெளுக்கிறது. ஃபிலிம் கேமராவை அணைத்தால் மோட்டார் தயங்கித் தயங்கித்தான் நிற்கும், கடைசி ஃபிரேம்களில் வெளிச்சம் அளவுக்கு மீறி விழுந்துவிடும். அந்த வெளிச்சத்தில் மூன்று ஃபிரேம். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன்.

அத்தையின் கண்கள் திறந்திருந்தன.

நேராக எங்களைப் பார்க்கின்றன. முகத்தைச் சுற்றி ஒரே வெள்ளை. உதடு மூடியே இருக்கிறது, சிரிப்பு இன்னும் வரவில்லை. படம் முழுக்க அட்டையையும் நூலையும் வைத்து அவர்கள் காட்ட முயன்ற பயம், யாரும் பார்க்காத அந்த மூன்று ஃபிரேமில் இருந்தது. அப்பா ஸ்டூலை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்தக் காலத்தில் மூன்று ஃபிரேமைக் கொடுத்தால் மிச்சத்தைக் கம்ப்யூட்டரே செய்து தந்துவிடும். "அதப் பண்ணி அவளுக்குக் காட்டிரு. நல்லபடியாப் போய் படுத்துக்குவா" என்று அப்பாவும் கெஞ்சினார். செய்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. திரையில் அத்தை எழுந்து உட்கார்ந்தார், மெல்லத் திரும்பினார், சிரித்தார். முன்பல் முழுசாக இருந்தது. ஒரு பல்கூட மூளியாக இல்லாமல் வரிசையாக, வெள்ளையாக, வாய் நிறையப் பற்கள். சிரிப்பு முடிய வேண்டிய இடத்திலும் முடியாமல் விரிந்துகொண்டே போனது.

அப்பா, "யாரு இது?" என்றார்.

அழித்துவிட்டேன். இரண்டு முறை அழித்தேன், குப்பைக்கூடையிலிருந்தும் சேர்த்து.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் காலை, மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்சந்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அத்தை வாசலிலேயே கையை நீட்டினார். ஃபோனைக் கொடுத்தேன். நண்டு வந்தபோது, "ஐய, இது எனுக்கு ஞாபகமே இல்ல" என்று சிரித்தார். படம் வெளுத்து நின்றது. மறுபடி போட்டார். மூன்றாவது முறையும் போட்டார்.

"மீதி?"

அப்பா சொன்னார். என்னிடம் சொன்ன அளவுகூட அவரால் சொல்ல முடியவில்லை. நான் நிறுத்திட்டேன், ஃபிலிம் இல்ல, நான்தான் என்று மூன்று துண்டாக வந்தது. அத்தை ஃபோனைத் திருப்பிக் கட்டில் மேல் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் முகம் அந்த மூன்று ஃபிரேமில் இருந்தது போலவே இருந்தது.

"அப்ப இத்தினி வருசமா நான் யாரப் பாத்து சிரிச்சேன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்?"

அப்பா கட்டில் ஓரத்தில் உட்காரப் போனார்.

"போங்க ரெண்டு பேரும்" என்றார்.

அன்று முழுக்க ஃபோனை எடுக்கவில்லை. வர மாட்டார், அவ்வளவுதான், நானே அவரைக் கொன்றேன் என்று முடிவு கட்டிவிட்டேன். பொய்ச் சிரிப்பையே காட்டியிருக்கலாமே என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை ஆட்டோவோடு போய் நின்றபோது, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அப்பா பின்சீட்டில் இருப்பதைப் பார்த்ததும் வேறு ஆட்டோ பிடி என்றார். அப்பா இறங்கி டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அத்தை படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பல் செட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். பாதி உடைந்த அந்தப் பல் எப்போதோ போய்விட்டது. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடும் வரை அவர் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து மணி நேரம் என்றார்கள். ஏழு ஆனது. அப்பா வராந்தாவில் உட்காரவே இல்லை. மணல்திட்டில் அன்று எப்படி நின்றாரோ, அப்படித்தான் நின்றார் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் முடிந்தது, ஆனால் நினைவு திரும்ப நேரமாகும் என்றார்கள். மறுநாளும் கண் திறக்கவில்லை. டாக்டர் பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா என்னிடம், "தோ, அவள முழுசா முடிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார். வாயை மூடு நைனா என்று கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்தார்கள். கண் திறந்துவிட்டார், ஒரே ஒருவர் இரண்டு நிமிஷம் பார்க்கலாம் என்று நர்ஸ் வந்து சொன்னார். நான் அப்பாவை உள்ளே தள்ளிவிட்டேன். வாசலில் காவலாளி அவர் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, பச்சை அங்கியை மாட்டிவிட்டார்.

உள்ளே நடந்தது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாராம். இவரைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவர் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றுகொண்டார். குழாய் எடுத்த தொண்டையிலிருந்து குரல் வெறும் காற்றாக வந்ததாம்.

"காமிரா ஓடுதா?"

ஓடுது என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. மயக்கம் முழுசாகத் தெளியாத மனுஷி. அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாராம்.

"இல்ல பாப்பா. ஓடல. நான்தான் பாத்துக்கினு கீறேன். அன்னிக்கும் நான்தான் பாத்தேன்."

வெளியே வந்தவரின் அங்கி ஒரு தோளில் நழுவியிருந்தது. அத்தை சிரித்தாரா என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்ல ஆரம்பித்தார், சொல்ல வரவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைக் கூடப் பார்க்காமல் முகத்தைத் தூக்கி, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து, முன்பல் இல்லாதது போலத் தெரியத் தன் பல்லை நாக்கால் மறைத்துக்கொண்டு அத்தையைப் போலச் சிரித்துக் காட்டினார். கன்னம் நனைந்துகொண்டே இருந்தது.

"இப்டி சிரிச்சா" என்றார். "அன்னிக்கும் இதே மாதிரிதான்."

அந்தச் சிரிப்பை நான் பார்த்தது அன்றுதான், அதுவும் அப்பாவின் முகத்தில். காவலாளி அவருடைய ஃபோனைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நின்றார். வாங்குவதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை.